நிபுணர்கள் எழுதும் சட்டம்

சட்டங்களை இயற்றுவது ஜனப் பிரதிநிதிகளின் சபை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும் முழு உண்மையன்று. 2015-ம் வருஷத்தில் இந்தியப் பார்லிமெண்ட் மத்தியஸ்தச் சட்டத்தைத் திருத்தியபோது, அதனுடன் சில அட்டவணைகளைச் சேர்த்தது. இன்னின்ன சம்பந்தமுடையவர் ஒரு வழக்கில் மத்தியஸ்தராக இருக்கலாகாது என்று 19 இனங்களில் விவரிப்பது அவற்றுள் ஏழாவது அட்டவணை. அதன் வாசகம் டில்லியில் பிறந்ததன்று. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வக்கீல்கள் சங்கம் என்னும் தனி ஸ்தாபனம், மத்தியஸ்தர்களுக்கு வழிகாட்டும் பொருட்டு 2004-ல் எழுதி வைத்த நெறிகளை ஒட்டி அமைந்தது அது. எந்த நாட்டு ஜனங்களும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத சில வக்கீல்கள் கூடி எழுதிய வரிகள், பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்குள் நூறு கோடிக்கு மேற்பட்ட ஜனங்களின் நாட்டில் சட்டமாகி விட்டன.

இதைக் கேட்டவுடன் சிலருக்குக் கோபம் உண்டாகும். ‘நமக்குச் சட்டம் எழுத அவர்கள் யார்?’ என்று கேட்பார்கள். வேறு சிலருக்கோ பெருமிதம் உண்டாகும். ‘உலகம் ஒப்பிய நெறியை நாமும் ஏற்றோம், இதில் என்ன குறை?’ என்பார்கள். இரண்டு கட்சியையும் நாம் ஒப்புக்கொள்ளவில்லை. கோபிப்பவர்கள் இந்த அட்டவணையால் விளைந்த நன்மையை அறியார். பெருமிதம் கொள்பவர்கள் அதில் மறைந்துள்ள அபாயத்தை அறியார். இரண்டையும் எடுத்துக் காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

‘இது கம்பெனிக்காரர்களின் விவகாரம், தேச சேவை செய்பவர்களுக்கு இதில் என்ன வேலை?’ என்று நமது வாசகர்களில் பலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. இக்காலத்தில் மத்தியஸ்தத்துக்குப் போகும் பெரிய வழக்குகளில் ஒரு கட்சிக்காரராக நிற்பது பெரும்பாலும் சர்க்காரோ, சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனியோதான். ரயில் பாதை, துறைமுகம், நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றின் ஒப்பந்தங்களிலெல்லாம் மத்தியஸ்த ஷரத்து ஒன்று இருக்கும். தீர்ப்பு சர்க்காருக்கு விரோதமாக அமைந்தால், பணம் போவது வரி கொடுப்பவனுடைய பையிலிருந்து. ஆதலால் அந்தத் தீர்ப்பைச் சொல்லுகிறவர் யார், எந்த விதியின்படி சொல்லுகிறார், அந்த விதியை எழுதியவர் யார் என்ற கேள்விகள் பொது ஜனங்களின் கேள்விகளே.

மத்தியஸ்தம் நமக்குப் புதிதன்று. ஊர்ப் பெரியவர்கள் கூடி வழக்கைத் தீர்ப்பது இந்நாட்டின் பழைய ஏற்பாடு. ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் பலம் ஊரின் கட்டுப்பாட்டிலே இருந்தது. தீர்ப்புக்கு அடங்காதவன் ஊரில் தலைகாட்ட முடியாது. சென்னை வியாபாரிக்கும் ஹாம்பர்க் வியாபாரிக்கும் பொதுவான ஊர் எது? அவர்களுக்குள் தகராறு வந்தால், ஒருவர் மற்றவருடைய நாட்டுக் கோர்ட்டை நம்புவதில்லை. இருவரும் சம்மதித்து மூன்றாம் மனிதர் ஒருவரைத் தேர்ந்து தீர்ப்புப் பெற்றாலும், அத்தீர்ப்பை எந்த நாட்டில் எந்த அமீனா நிறைவேற்றுவார்? இந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்காகவே நிபுணர்களின் ஸ்தாபனங்கள் தோன்றின.

பாரிஸ் நகரத்தில் 1919-ல் ஏற்பட்ட சர்வதேச வர்த்தகச் சங்கம், 1923-ல் தனக்கென ஒரு மத்தியஸ்த கோர்ட்டை ஸ்தாபித்தது. பழைய சர்வதேச சங்கத்தின் ஆதரவில் 1923-லும் 1927-லும் ஜினீவாவில் இரண்டு உடன்படிக்கைகள் ஏற்பட்டன. அவை போதவில்லையென்று கண்ட அந்த வர்த்தகச் சங்கம், 1953-ல் புதிய உடன்படிக்கை ஒன்றின் நகலைத் தானே தயாரித்து, ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் முன் வைத்தது. அதன் பயனாகப் பிறந்ததே 1958-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி நியூயார்க்கில் நிறைவேறிய உடன்படிக்கை. ஒரு நாட்டில் சொல்லப்பட்ட மத்தியஸ்தத் தீர்ப்பை மற்ற நாட்டுக் கோர்ட்டுகள் மிகச் சில காரணங்களுக்காக அல்லாமல் மறுக்கலாகாது என்பது அதன் சாரம். இந்தியா அன்றே கையெழுத்திட்டு, 1960-ல் அதை உறுதி செய்தது. இன்று 170-க்கு மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இதில் ஒன்றை வாசகர்கள் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையை ஒப்புக்கொண்டவை ராஜாங்கங்கள். முதல் நகலை எழுதியதோ வர்த்தகர்களின் சங்கம். மாநாடு அந்த நகலைப் பெரிதும் மாற்றியது மெய்யே. ஆயினும் எதைப்பற்றிப் பேசவேண்டும் என்று தீர்மானித்தவர்கள் நகல் எழுதியவர்களே.

1966 டிசம்பரில் ஐக்கிய நாட்டு ஸ்தாபனம் சர்வதேச வர்த்தகச் சட்டக் கமிஷனை ஏற்படுத்தியது. இதை ‘அன்சிட்ரல்’ என்ற சுருக்கப் பெயரால் வக்கீல்கள் வழங்குவர். ஆரம்ப முதலே இந்தியா அதில் அங்கம் வகித்து வருகிறது. அந்தக் கமிஷன் 1976-ல் மத்தியஸ்த விதிகளையும், 1980-ல் சமரச விதிகளையும், 1985-ல் மாதிரிச் சட்டம் ஒன்றையும் வெளியிட்டது. சுமார் 90 நாடுகள் இம்மாதிரியைப் பின்பற்றித் தங்கள் சட்டங்களை எழுதிக்கொண்டிருக்கின்றன. நமது 1996-ம் வருஷத்து மத்தியஸ்த, சமரசச் சட்டம் அவற்றுள் ஒன்று. அந்தச் சட்டத்தின் முகவுரையே அன்சிட்ரலின் பெயரைச் சொல்லி, அதன் மாதிரியைப் பின்பற்றுவதாக ஒப்புக்கொள்ளுகிறது. 1940-ம் வருஷத்துப் பழைய சட்டத்தின் கீழ் நடந்த மத்தியஸ்தங்கள் கோர்ட்டுகளின் படியேறிப் படியேறி இளைத்துப்போன கதையை வயதான வக்கீல்கள் அறிவார்கள். அந்தச் சட்டம் நடைமுறையில் நகைப்புக்கு இடமாகி விட்டதென்று சுப்ரீம் கோர்ட்டே 1981-ல் மனம் வெதும்பிக் கூறியது. ஆதலால் புதிய மாதிரியை ஏற்றது பிழையென்று நாம் சொல்லவில்லை.

ஆனால் அந்த மாதிரி எப்படி எழுதப்படுகிறது என்று அறிந்துகொள்வது நலம். அன்சிட்ரலின் காரியக் குழுக்கள் வியன்னாவிலும் நியூயார்க்கிலும் மாறி மாறிக் கூடுகின்றன. காரியதரிசிகளின் அலுவலகம் பூர்வாங்கக் குறிப்புகளையும் நகல்களையும் தயாரிக்கிறது. அங்கத்தினர் நாடுகளின் பிரதிநிதிகள் விவாதிக்கிறார்கள். வாக்கெடுப்பு நடப்பதில்லை, ஏகோபித்த சம்மதம் ஏற்படும் வரையில் பேசுவதே வழக்கம். அதே மண்டபத்தில் வக்கீல் சங்கங்கள், மத்தியஸ்த ஸ்தாபனங்கள், வர்த்தகச் சங்கங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகளும் பார்வையாளர்களாக அமர்ந்திருக்கிறார்கள். பார்வையாளர் என்ற பெயரைக் கண்டு, அவர்கள் வாய் திறவாமல் பார்த்துக் கொண்டிருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். அவர்களும் எழுந்து பேசுகிறார்கள். வாசகங்களை யோசனை கூறுகிறார்கள். வாக்கெடுப்பு இல்லாத சபையில், விஷயம் தெரிந்து ஓயாமல் வந்து பேசுகிறவனுடைய சொல்லுக்கே மதிப்பு ஏறும். ஏழை நாடு ஒன்று தனது வெளிநாட்டு இலாகா உத்தியோகஸ்தர் ஒருவரை, அவர் கவனிக்கும் பத்து வேலைகளில் ஒன்றாக, அங்கே அனுப்புகிறது. மத்தியஸ்தத்தையே ஜீவனமாகக் கொண்ட பெரிய வக்கீல் கம்பெனி இருபது வருஷ அனுபவம் உள்ளவரை அனுப்புகிறது. இருவருக்கும் நாற்காலி சமமாக இருக்கலாம். செல்வாக்கு சமமாக இருக்குமா?

ராஜாங்கங்கள் கூடிப் பேசும் இடத்திலேயே நிலைமை இது. அவை சிறிதும் கலவாத சங்கங்களின் விதிகள் சட்டமாகும் வழியோ இன்னும் நூதனமானது. சர்வதேச வக்கீல்கள் சங்கம் சாட்சியம் எடுப்பது பற்றி 1999-ல் விதிகளை வெளியிட்டு, 2010-லும் 2020-லும் திருத்தியது. இவை யாரையும் கட்டுப்படுத்தா என்று சங்கமே சொல்லுகிறது. ஆனால் நடைமுறை என்ன? முதலில் மத்தியஸ்தர்கள் தங்கள் உத்தரவில், ‘இவ்விதிகளை வழிகாட்டியாகக் கொள்வோம்’ என்று எழுதுகிறார்கள். அடுத்தபடி வக்கீல்கள் அவற்றை ஆதாரமாகக் காட்டி வாதிக்கிறார்கள். பிறகு கோர்ட்டுகள், ‘இது உலக வழக்கம்’ என்று மேற்கோள் காட்டுகின்றன. கடைசியில் ஒரு நாட்டின் சட்டசபை அதை அப்படியே பதிவு செய்து விடுகிறது. யோசனையாகப் பிறந்தது பழக்கமாகி, பழக்கம் பிரமாணமாகி, பிரமாணம் சட்டமாகிறது. எந்தப் படியிலும் யாரும் வாக்குக் கேட்கவில்லை. இதற்கு எதிர்ப்பும் இல்லாமலில்லை. அந்தச் சாட்சிய விதிகள் ஆங்கிலேய, அமெரிக்க வக்கீல்களின் பழக்கத்தையே உலகுக்கெல்லாம் புகுத்துகின்றன என்று குறைகூறி, ஐரோப்பாக் கண்டத்து வக்கீல்கள் பலர் சேர்ந்து 2018-ல் பிராக் நகரத்தில் மாற்று விதிகளை வெளியிட்டார்கள். நிபுணர்களுக்குள்ளேயே இவ்வளவு அபிப்பிராய பேதம் இருக்க, ஒரு சாராரின் பழக்கத்தை உலக நியாயம் என்று நாம் ஏன் கைகட்டி ஏற்கவேண்டும்?

இனி ஏழாவது அட்டவணையின் நன்மையைச் சொல்லுவோம். 2015-க்கு முன் இந்நாட்டு சர்க்கார் ஒப்பந்தங்களில் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. கண்டிராக்டருக்கும் இலாகாவுக்கும் தகராறு வந்தால், அதே இலாகாவின் உத்தியோகஸ்தரே மத்தியஸ்தர்! வேலையைக் கொடுத்தவர், பணத்தைப் பிடித்து வைத்தவர், பின்பு அது நியாயமா என்று தீர்ப்புச் சொல்லுகிறவர் எல்லாரும் ஒரே அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். ‘ஷரத்தில் கையெழுத்திட்டாயே’ என்று சொல்லிக் கோர்ட்டுகளும் இதைப் பெரும்பாலும் அனுமதித்து வந்தன. நாம் வக்கீல் தொழிலில் இருந்த நாட்களில், பல வருஷங்கள் பாக்கித் தொகைக்காக அலைந்த சிறு கண்டிராக்டர்கள், ‘என் வழக்கை என் எதிரியின் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறோம்.

2014 ஆகஸ்டில் நீதிபதி ஏ. பி. ஷா தலைமையிலான சட்டக் கமிஷன் தனது 246-வது அறிக்கையில் இந்த அநீதியை ஒழிக்க வழி சொல்லிற்று. அந்த வழிதான் சர்வதேச வக்கீல்கள் சங்கத்தின் பட்டியல்களைத் தழுவிய அட்டவணைகள். ஒரு கட்சியின் ஊழியரோ ஆலோசகரோ மத்தியஸ்தராக இருக்கலாகாது என்பது அதன் முதல் இனம். 2017-ல் சுப்ரீம் கோர்ட், தானே மத்தியஸ்தராக இருக்கத் தகாதவர் தமக்குப் பதிலாக வேறொருவரை நியமிக்கவும் தகாதவர் என்றது. 2019-ல், வழக்கின் முடிவில் அக்கறையுள்ள ஒரு கட்சி ஒற்றை மத்தியஸ்தரைத் தானே நியமித்துக்கொள்ள முடியாது என்று மேலும் ஒரு படி சென்றது. 2024 நவம்பர் 8-ந் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு, ரயில்வே மின்மயமாக்கும் ஸ்தாபனத்தின் வழக்கில், சர்க்கார் ஸ்தாபனம் தான் தயாரித்த ஜாபிதாவிலிருந்தே எதிர்க்கட்சியும் மத்தியஸ்தரைத் தேர்ந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது சமத்துவத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. லண்டன் சங்கத்தின் வரிகள், நமது அரசியல் சட்டத்தின் சமத்துவக் கொள்கையுடன் சேர்ந்து, இந்நாட்டுச் சாதாரணக் கண்டிராக்டருக்குக் கேடயமாயின. நல்ல சரக்கு எந்தத் துறைமுகத்தில் வந்திறங்கினாலும் நல்ல சரக்கே. இதை ஒப்புக்கொள்ளாமல் வெறும் சுதேச அபிமானம் பேசுவது அறிவாகாது.

உலகத்தார் அனுபவத்தைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதற்கும் நமது சட்டப் புஸ்தகத்திலேயே உதாரணம் உண்டு. 2019-ம் வருஷத் திருத்தத்தில் எட்டாவது அட்டவணை என்று ஒன்றைச் சேர்த்து, மத்தியஸ்தருக்கு இன்னின்ன யோக்கியதை வேண்டுமென்று எழுதினார்கள். அதைப் படித்தால், அன்னிய நாட்டு வக்கீல் எவ்வளவு பெரியவராயினும் இங்கே மத்தியஸ்தராக முடியாது போலத் தோன்றியது. ‘உலக வழக்குகளெல்லாம் இந்தியாவுக்கு வரவேண்டும்’ என்று ஒரு வாயால் சொல்லிக்கொண்டே, வருகிறவர்களை வாசலில் மறிக்கும் விதி! கண்டனம் கிளம்பவே, 2020 நவம்பரில் அவசரச் சட்டத்தின் மூலம் அதை எடுத்துவிட நேர்ந்தது.

நன்மை இதுவானால், அபாயம் எது? இத்துறையில் விதியை எழுதுகிறவரும், அந்த விதியைக் காட்டி வாதாடுகிறவரும், அந்த விதியின்படி தீர்ப்புச் சொல்லுகிறவரும் பல சமயங்களில் ஒரே சிறு கூட்டத்தினர். இன்று வக்கீல், நாளை மத்தியஸ்தர், மறுநாள் நெறிகளைத் திருத்தும் குழுவின் அங்கத்தினர். இவர்களிற் பலர் நாணயஸ்தர்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆயினும் தம் தொழிலின் ஒழுக்கத்துக்குத் தாமே அளவுகோல் செய்கிறவர்கள், அந்தக் கோலைத் தம் உயரத்துக்கு ஏற்ப அறுத்துக்கொள்ளும் ஆசையிலிருந்து தப்புவது கடினம்.

பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட்டில் 2020-ல் தீர்ந்த ஹாலிபர்ட்டன் வழக்கு இதற்குச் சாட்சி. ஒரே எண்ணெய்க் கிணற்று விபத்திலிருந்து எழுந்த வெவ்வேறு வழக்குகளில் ஒரே மனிதர் மத்தியஸ்தராக நியமிக்கப்பட்டார். அவர் அதை மற்றக் கட்சிக்குத் தெரிவிக்கவில்லை. இது சரியா என்ற கேள்வியில் கோர்ட்டுக்கு யோசனை கூற ஐந்து ஸ்தாபனங்கள் முன்வந்தன. பாரிஸ் வர்த்தகச் சங்கமும், லண்டன் சர்வதேச மத்தியஸ்த கோர்ட்டும், மத்தியஸ்தர்களின் சங்கமும் அவற்றுள் அடக்கம். கப்பல் மத்தியஸ்தர்களும் தானிய வியாபாரிகளும், ‘எங்கள் தொழிலில் ஒருவரையே பலமுறை நியமிப்பது சகஜம்’ என்றார்கள். தெரிவிக்க வேண்டியது சட்டப்படியான கடமை என்று கோர்ட் தீர்மானித்தது; ஆயினும் அம்மனிதரை நீக்கவில்லை. முடிவு சரியா தவறா என்பதைவிட நாம் கவனிக்க வேண்டியது வேறு. மத்தியஸ்தர்களின் ஒழுக்கத்தைப் பற்றிய வழக்கில் மத்தியஸ்த ஸ்தாபனங்கள் அனைத்தும் வந்து பேசின. மத்தியஸ்தத்தால் பாதிக்கப்படும் பொது ஜனங்களின் சார்பில் பேச யார் வந்தார்கள்?

நைஜீரியாவின் கதை இன்னும் பயங்கரமானது. 2010-ல் அந்நாட்டு எண்ணெய் இலாகா, ஒரு சிறு அன்னியக் கம்பெனியுடன் எரிவாயு ஒப்பந்தம் ஒன்று செய்தது. ஆலை கட்டப்படவேயில்லை. லண்டனில் நடந்த மத்தியஸ்தத்தில் 2017-ல் 660 கோடி டாலர் நஷ்டஈடு தீர்ப்பாயிற்று. வட்டி சேர்ந்து அது 1,100 கோடி டாலராக வளர்ந்தது. தீர்ப்புச் சொன்னவர்கள் பேர்பெற்ற சட்ட நிபுணர்கள். விசாரணை முறையும் வெளிப்பார்வைக்கு ஒழுங்காகவே நடந்தது. பின்பு 2023 அக்டோபரில் லண்டன் ஹைக்கோர்ட் நீதிபதி ராபின் நோல்ஸ், லஞ்சமும் பொய்ச் சாட்சியும் கலந்த மோசடியால் பெற்ற தீர்ப்பு அது என்று கண்டார். இத்தகைய பெரும் வழக்குகளில் மத்தியஸ்த முறையே போதுமான பாதுகாப்பு அளிக்கிறதா என்று அனைவரும் ஆலோசிக்க வேண்டுமென்றும் குறிப்பிட்டார். மூடிய அறையில் நிபுணர்கள் கண்ணுக்குப் படாத மோசடி, திறந்த கோர்ட்டில் அகப்பட்டது. ஒரு ஏழை நாட்டின் பொக்கிஷம் தப்பியது நெறிகளால் அன்று, வெளிச்சத்தால்.

நமது அனுபவமும் ஒன்று உண்டு. அதில் குற்றம் முழுவதும் பிறர்மேல் சுமத்துவதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் ஒயிட் இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனி, கோல் இந்தியாவுக்கு விரோதமாக 2002-ல் மத்தியஸ்தத் தீர்ப்புப் பெற்றது. அதை நிறைவேற்ற நமது கோர்ட்டுகளில் பல வருஷம் காத்தும் முடிவு கிடைக்கவில்லை. பின்பு அது இந்தியா மீதே, இரு நாட்டு முதலீட்டு உடன்படிக்கையின்படி, வேறொரு மத்தியஸ்தம் தொடுத்தது. 2011 நவம்பரில் மூன்று மத்தியஸ்தர்கள், இந்தியாவுக்கும் குவைத்துக்கும் உள்ள உடன்படிக்கையின் ஷரத்து ஒன்றை ஆஸ்திரேலிய உடன்படிக்கைக்குள் கொண்டுவந்து பொருத்தி, தாமதத்துக்காக இந்தியா நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்றார்கள். ஒருவரோடு செய்த ஒப்பந்தத்தின் வாசகம் மற்றொருவருக்கு எப்படி உரிமையாகும் என்று நமது உத்தியோகஸ்தர்கள் திகைத்தார்கள். ஆனால் அந்த வியாக்கியானத்துக்கு வழிவிட்ட ‘மிகச் சலுகை பெற்ற நாடு’ என்ற ஷரத்தில் கையெழுத்திட்டவர்களும் நாமே. அதன் பொருளை நிபுணர்கள் விரித்துக்கொண்டு போனபோது கவனியாமல் இருந்தவர்களும் நாமே. பிறகு விழித்துக்கொண்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட உடன்படிக்கைகளை முடித்துக்கொள்ள நோட்டீசு கொடுத்தோம். முன்பே விழித்திருந்தால் அவற்றைச் சரியாக எழுதியிருக்கலாம்.

சமரசப் பேச்சின் விஷயத்திலும் இந்த அசிரத்தையே காண்கிறது. கோர்ட்டோடு இணைந்த சமரச மையத்தை இந்நாட்டில் முதன்முதலாக 2005-ல் தொடங்கிய பெருமை சென்னை ஹைக்கோர்ட்டுக்கு உரியது. சமரச ஒப்பந்தங்களை உலகெங்கும் நிறைவேற்றுவதற்கான உடன்படிக்கையை அன்சிட்ரலின் காரியக் குழு பல வருஷம் உழைத்துத் தயாரித்தது. 2019 ஆகஸ்டு 7-ந் தேதி சிங்கப்பூரில் 46 நாடுகள் கையெழுத்திட்டன, இந்தியாவும் ஒன்று. ஆனால் 2023-ல் நாம் இயற்றிய சமரசச் சட்டத்தில் அந்த உடன்படிக்கையை அமலுக்குக் கொண்டுவரும் பகுதி இடம் பெறவில்லை. கையெழுத்திட்டது ஏன், விட்டது ஏன் என்று பார்லிமெண்டில் தெளிவான விவாதம் நடந்ததாக நமக்குத் தோன்றவில்லை. நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா கமிட்டி 2017-ல் யோசனை கூறி, 2019-ல் சட்டமான இந்திய மத்தியஸ்தக் கவுன்சில், 2024 வரையிலும் அமைக்கப்படாமலே இருந்தது. அதற்கிடையில் 2024 ஜூனில் நிதி இலாகா, 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தகராறுகளைச் சாதாரணமாக மத்தியஸ்தத்துக்கு விடவேண்டாம் என்று இலாகாக்களுக்கு யோசனை கூறிவிட்டது. ஒரு கை கட்ட, ஒரு கை இடிக்கிறது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? நிபுணர்களை விரட்டுவதன்று, அவர்களுடைய வேலையைப் பொது ஜனங்களின் மேற்பார்வைக்குள் கொண்டுவருவது.

முதலாவதாக, வியன்னாவுக்கும் நியூயார்க்குக்கும் போகும் நமது பிரதிநிதிகள் அங்கே என்ன நிலை எடுக்கப் போகிறார்கள் என்று பார்லிமெண்டின் கமிட்டிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். திரும்பி வந்ததும் கணக்குச் சொல்ல வேண்டும். அக்குழுவில் டில்லி உத்தியோகஸ்தர்கள் மட்டுமன்றி, திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரரும், தூத்துக்குடி கப்பல் ஏஜெண்டும், சிறு கண்டிராக்டரும் இடம் பெற வேண்டும். ஷரத்தின் சூடு படுகிறவன் அவனே.

இரண்டாவதாக, பிறர் எழுதிய நெறியைச் சட்டமாக்கும்போது, அது எங்கிருந்து வந்தது, எவற்றை ஏற்றோம், எவற்றைத் தள்ளினோம், ஏன் என்று மசோதாவுடன் ஓர் அறிக்கை இணைக்க வேண்டும். கடன் வாங்கிய விதி கடன் கொடுத்த இடத்தில் மாறினாலும் வாங்கிய இடத்தில் மாறுவதில்லை. லண்டன் சங்கம் தன் நெறிகளை 2014-லும் 2024-லும் திருத்தியது. நமது அட்டவணை அதனுடன் தானாகத் திருந்தவில்லை. ஆதலால் ஐந்து வருஷத்துக்கொரு முறை மறுபரிசீலனை அவசியம்.

மூன்றாவதாக, சட்டத் திருத்தத்துக்கு யோசனை கூறும் நிபுணர், தாம் எந்தெந்தக் கட்சிக்காரருக்கு வக்கீல், எந்தெந்த ஸ்தாபனத்தின் ஜாபிதாவில் மத்தியஸ்தர் என்று வெளியிட வேண்டும். மத்தியஸ்தருக்கு எந்த ஒழுக்கத்தை அவர்கள் விதிக்கிறார்களோ, அதே ஒழுக்கத்தை விதி எழுதுகிறவருக்கும் கேட்கிறோம். இது அதிகமா?

நான்காவதாக, பொதுப் பணம் சம்பந்தப்பட்ட மத்தியஸ்தத் தீர்ப்புகள் அனைத்தும் பிரசுரமாக வேண்டும். இரு வியாபாரிகளின் இரகசியத்தை நாம் கேட்கவில்லை. அன்னிய முதலீட்டாளர் ராஜாங்கங்களின் மேல் தொடுக்கும் வழக்குகளுக்கு, 2014-ல் அமலுக்கு வந்த வெளிப்படை விதிகளை அன்சிட்ரலே வகுத்திருக்கிறது. அன்னியருக்கு ஒத்துக்கொண்ட வெளிச்சத்தைச் சொந்த ஜனங்களுக்கு மறுப்பது எந்த நியாயம்?

கடைசியாக, இவ்விதிகளும் மாதிரி ஷரத்துகளும் தமிழில் வரவேண்டும். கையெழுத்திடுகிறவனுக்குப் புரியாத பாஷையில் அவனுடைய சம்மதம் எழுதப்பட்டிருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ‘மத்தியஸ்தம் லண்டனில்’ என்று ஒரு வரி கிடக்கிறது. விலையைப் பைசா பைசாவாகப் பேரம் பேசுகிற வியாபாரி அந்த வரியைப் படியாமல் விடுகிறான். தகராறு வந்த நாளில், தான் கேட்கும் தொகையைவிட லண்டன் செலவு பெரிதென்று கண்டு, உரிமையைக் கைவிட்டுத் திரும்புகிறான்.

நிபுணன் வழி சொல்லலாம்; எந்த ஊருக்குப் போவது என்று தீர்மானிக்க வேண்டியவர்கள் ஜனங்கள். வைத்தியர் மருந்தின் அளவைச் சொல்லுகிறார் என்பதற்காக, நோயாளி தன் உடம்பின் மேல் உள்ள உரிமையை அவருக்கு எழுதிக் கொடுத்து விடுவதில்லை. நமது சட்டசபை அங்கத்தினர்களும், வக்கீல் சங்கங்களும், வர்த்தகச் சங்கங்களும் இந்த விஷயத்தை அலட்சியம் செய்யாமல் எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம். அடுத்த மாதிரிச் சட்டத்தின் நகல் எழுதப்படும் மேஜையில் நமக்கும் ஒரு நாற்காலி உண்டு. அதில் விஷயம் தெரிந்தவரை உட்காரவைப்பதும், அவரிடம் கணக்குக் கேட்பதும் நமது பொறுப்பு.